அறுபதில் வைத்தாலும் தெரியாத கால்

பாளையங்கோட்டையில் அப்பா தினமும் காலையில் போய்வரும் இலவச சிகிச்சை மையத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நல்லது என்று மனதாரச் சொல்லவும் முடியவில்லை, ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியவில்லை. அந்த மாதிரி மையங்கள் இப்போது எந்த ஊரில்தான் இல்லை? மாடியில் ஒரு ஹால், வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு பாதங்களை வைக்கிற அளவுக்கு ஒரு மெஷின். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டு அதன்மேல் வைத்தால் அரை மணி நேரம் கரண்ட் பாயும். காசு கிடையாது. பிடித்துப்போனால் மெஷினை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்; விலை அப்பாவின் ஒரு மாதப் பென்ஷனைத் தாண்டும். முடிந்ததும் ஒருவர் எழுந்து மைக்கில் தனக்கு என்ன குணமானது என்று சொல்வார், மற்றவர்கள் கை தட்டுவார்கள்.

சென்னையில் இருக்கும் அண்ணன் இதைக் கேட்டதுமே, "அதெல்லாம் ஃப்ராடு, போகவேண்டாம்னு சொல்லு" என்றான். அம்மாவோ, "அந்த மனுஷன் ராத்திரி தூங்குதாரு, அது போதும்" என்றார். என்னால் இரண்டு பேர் பக்கமும் முழுதாகச் சாய முடியவில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் நின்றே கழித்த கால் அது. சுகர் வந்து வருஷக்கணக்காகிறது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் கால் எரிச்சல் ஆரம்பித்தது. பகலில் ஒன்றும் இருக்காது. படுத்தால்தான் வரும். பாதம் திகுதிகுவென்று எரியும், ஊசி குத்துகிற மாதிரி சுருக் சுருக்கென்று இழுக்கும். போர்வை பட்டால்கூடத் தாங்காது. நடுராத்திரி எழுந்து குளியலறையில் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். டாக்டர் கொடுத்த பிரீகபாலின் மாத்திரை எரிச்சலைக் குறைத்தது. ஆனால் ராத்திரி எழும்போது தலைசுற்றல் வந்தது. ஒருதடவை கதவைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மாத்திரையை நிறுத்திவிட்டார். அப்புறம்தான் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் மையத்துக்குக் கூட்டிப்போனார். போக ஆரம்பித்துச் சில வாரங்களில், ராத்திரி தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்பது நின்றது.

இதை எப்படி ஏமாற்று என்று சொல்வது?

## கரண்ட் வலியைக் குறைக்கும், அது பொய்யில்லை

தேடிப் படித்தபோது தெரிந்தது, இது புதிய விஷயமே கிடையாது. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் கீல்வாத வலிக்கு ஒரு வைத்தியம் எழுதி வைத்திருக்கிறார். உடம்பிலேயே மின்சாரம் வைத்திருக்கும் ஒருவகைத் திருக்கை மீனை உயிரோடு பிடித்து, கடற்கரை ஈரத்தில் பாதத்துக்குக் கீழே போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். முழங்கால் வரைக்கும் மரத்துப்போகிறவரை நிற்க வேண்டும். ஈரம், பாதம், கரண்ட். அந்த மாடி ஹாலில் நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

இதற்கு இந்தக் கால விளக்கம் 1965இல் வந்தது. ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், வலி மூளைக்குப் போகும் வழியில் தண்டுவடத்தில் ஒரு கதவு மாதிரி அமைப்பு இருக்கிறது என்றார்கள். தொடுதல், அதிர்வு போன்றவற்றைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், மெல்லிய இழைகள் வழியாக வரும் வலிச் செய்தியை அந்தக் கதவு பாதியிலேயே மறித்துவிடும். முட்டி இடித்துக்கொண்டால் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். 1967இல் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் நரம்பில் லேசான கரண்ட் கொடுத்து மனிதர்களிடமே இதைச் செய்து காட்டினார்கள். இன்றைக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒட்டும் 'டென்ஸ்' மெஷின் அந்த வழியில் வந்ததுதான். ஊசி இல்லை, அறுவை இல்லை, தோல்மேல் ஒட்டினால் போதும்.

சுகரால் வரும் கால் எரிச்சலுக்கே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1997இல் அமெரிக்காவில் 31 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் 18 பேருக்கு உண்மையான கரண்ட், 13 பேருக்கு மெஷினை மாட்டிக் கரண்ட் கொடுக்காமல் விட்டார்கள். நிஜக் கரண்ட் வாங்கியவர்களில் 15 பேருக்கு வலி குறைந்தது. கரண்டே வராதவர்களில் 5 பேருக்கும் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஒரு மனிதருக்கு நம்பிக்கையும், யாரோ அக்கறையாகக் கவனிக்கிறார்கள் என்ற நினைப்பும் வலியைக் குறைக்கும் என்றால் அதுவும் நல்லதுதான். அந்த ஹாலில் வேலை பார்க்கும் பெண் ஒவ்வொருவரையும் "வாங்கப்பா, சாப்டீங்களாம்மா" என்று கேட்கிறாள். ஓய்வு பெற்றபின் அப்பாவை ஒரு நாளில் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருப்பார்கள்?

2010இல் அமெரிக்க நரம்பியல் அகாடமி இந்தச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. நாள்பட்ட முதுகுவலிக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்றது. சுகர் நரம்பு வலிக்கு மட்டும் யோசித்துப் பார்க்கலாம் என்றது. எல்லோரும் இதை முதுகுவலி மெஷினாகத்தானே நினைத்திருக்கிறோம், எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆக, அப்பாவுக்குக் கிடைத்த நிம்மதி கற்பனை இல்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அப்ப சுகர், பிரஷர், வெரிகோஸ், மூட்டுவலி எல்லாம் குணமாகும்னு போர்டு வச்சிருக்காங்களே, அது?" என்று கேட்டான். அதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் அது உண்மை இல்லை. வலியைக் குறைப்பது ஒன்று, நோயைக் குணப்படுத்துவது வேறொன்று. அந்தப் போர்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

## "எத்தனைல வச்சிருக்கிய?"

ஒருநாள் அப்பாவை விடப்போய் நானும் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மெஷினில் ஒரு சின்னத் திரை, கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான். புதிதாக வருபவர்கள் பதினைந்து, இருபதில் வைத்தாலே காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார்கள். பழையவர்கள் சர்வசாதாரணமாக ஏற்றுகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அப்பாவைப் பார்த்து, "எத்தனைல வச்சிருக்கிய அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்பா, "அறுவத்தஞ்சு" என்றார். "நான் எழுவதுல்லா வச்சிருக்கேன்" என்றார் அவர். அவர் குரலில் பெருமை இருந்தது. எண் ஏற ஏறக் கால் பலமாகிறது என்று அந்த ஹாலில் எல்லோரும் நம்பினார்கள். அப்படி யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் திருத்தவும் ஆளில்லை. அப்பாவும் ஆரம்பத்தில் இருபதைத் தாண்டியதில்லையாம்.

அந்தச் சமயத்தில் சுகர் பரிசோதனைக்குப் போனபோது அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். வழக்கமாக மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்து அனுப்பிவிடுவார்கள். இவர், "ஐயா, செருப்பைக் கழட்டிட்டு மேல படுங்க" என்றார். மேஜையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் மீன்பிடிக்கிற நரம்பு போல ஒரு நைலான் இழை. அதைத் தோலில் நேராக வைத்து அழுத்தினால், சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். அவ்வளவுதான் கருவி. முதலில் அப்பாவின் கையில் தொட்டுக் காட்டினார். "இப்படித்தான் இருக்கும். கண்ண மூடிக்கோங்க. தொடும்போது 'ஆமா'ன்னு சொல்லுங்க."

கெண்டைக்காலில் தொட்டார். "ஆமா." கணுக்காலுக்கு மேலே. "ஆமா." பிறகு பாதத்துக்கு வந்தார். பெருவிரலின் அடி, விரல்களுக்குப் பின்னால் மேடாக இருக்கிற இடம், சுண்டுவிரல் ஓரம். இழை ஒவ்வொரு இடத்திலும் வளைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்பாவுக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "ஆமா" என்றார். கொஞ்சம் விட்டு, "ஆமா." இன்னும் கொஞ்சம் விட்டு, "ஆமா." டிக்கெட் கிழிக்கிற மாதிரி சீரான இடைவெளியில் சொன்னார். டாக்டர் அந்த நேரம் முழுக்க இழையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தார். அப்பா பொய் சொல்லவில்லை. இத்தனை நேரத்தில் ஒரு தொடுதல் வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்தார். "அதிருதா?" "இல்லையே." என் விரலை அப்பாவின் பெருவிரலுக்குக் கீழே வைக்கச் சொன்னார். அப்பாவின் எலும்பைத் தாண்டி எனக்கு அந்த அதிர்வு வந்தது. விரலிடுக்கில், செருப்பின் வார் உரசி ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கே தெரியாது.

மையத்தைப் பற்றி நான்தான் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. "எத்தனைல வைப்பீங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார். அப்பா சொன்னார். "முன்னாடி எத்தனை?" அதையும் சொன்னார். "அந்த எண் ஏறுறது கால் நல்லாகுதுன்னு இல்லீங்க ஐயா. கரண்டை உணர்றதுக்கு இப்ப அவ்வளவு தேவைப்படுதுன்னு அர்த்தம்." அப்பா எழுந்து உட்கார்ந்து தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

## எரிச்சல் குறைவதற்கு இரண்டு வழி

இதைத்தான் அந்த ஹாலில் யாரும் சொல்வதில்லை. சுகர் உடம்பின் நீளமான நரம்புகளை முதலில் பிடிக்கும். அதனால்தான் பாதத்தில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். மெல்லிய இழைகள் பழுதாகும்போது, ஒன்றுமில்லாமலே தாமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அதுதான் எரிச்சல், அதுதான் குத்தல். அந்த இழைகள் அடியோடு செத்துப்போனால் செய்தி நின்றுவிடும், எரிச்சலும் நின்றுவிடும். அதாவது கால் எரிச்சல் குறைந்தது என்றால், கரண்ட் அதை மறித்திருக்கலாம், அல்லது நரம்பே போயிருக்கலாம். படுத்திருக்கும் மனிதருக்கு இரண்டும் ஒரே நிம்மதிதான். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க யாராவது தொட்டுப் பார்க்க வேண்டும்.

எண் ஏறுவதற்கு வேறு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் வாங்கினால் உடம்பு கொஞ்சம் பழகிவிடும். தோல் காய்ந்திருந்தால் கரண்ட் உள்ளே இறங்காது, அதனால்தான் ஈரத்துணி. ஆனால் சுகர்காரர்களின் பாதம் ஏன் காய்ந்து வெடிக்கிறது? வியர்வையை நடத்தும் நரம்பும் பழுதாவதால்தான். அதுவும் திரும்ப அதே இடத்துக்குத்தான் வருகிறது. நரம்பைச் சோதிக்கவே இப்படி ஒரு முறை மருத்துவத்தில் இருக்கிறது. நியூரோமீட்டர் என்ற கருவியில் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, முதலில் எப்போது தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். வெவ்வேறு அதிர்வெண் வைத்து எந்த வகை இழை பழுது என்றுகூடப் பிரித்துப் பார்ப்பார்கள். மையத்தின் மெஷினை அந்தக் கருவியோடு சேர்த்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இருபதிலிருந்து அறுபத்தைந்துக்கு ஏறிய ஒரு மனிதரைப் பார்த்தால், யாருக்காவது ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். மாறாகக் கைதட்டல் கிடைத்தது. என் ஆத்திரமெல்லாம் இதில்தான்.

நம் ஊரில் இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) செய்து 2023இல் வந்த ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சுகர். சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வில், சுகர் உள்ளவர்களில் 26.1 சதவீதம் பேருக்கு நரம்பு பாதிப்பு இருந்தது. நான்கில் ஒருவருக்கு மேல். இத்தனைக்கும் நாம் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிற ஜனங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கல் எப்படிச் சுடும்! உணர்வுள்ள கால் ஓடும், உணர்வில்லாத கால் நிதானமாக நடந்து மூன்று சுற்று முடிக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் தோல் கொப்பளித்திருக்கும்.

தேடும்போது இன்னொன்றும் படித்தேன், மனதில் தங்கிவிட்டது. பாஸ்டனில் ஜிம் காலின்ஸ் என்பவரின் குழு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டது. வயதானவர்களை அதிர்கிற மிதியடியின்மேல் நிற்கவைத்தார்கள். அந்த அதிர்வு காலுக்குத் தெரியக் கூடாது. உணர முடிகிற அளவுக்குக் கொஞ்சம் கீழே வைத்தார்கள். அப்படி வைத்தபோது அவர்கள் உடம்பு ஆடுவது குறைந்தது. தெரியாத அந்தச் சின்ன அதிர்வு, பாதத்திலிருந்து வரும் மெலிந்த செய்தியைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கிறது என்பது அவர்கள் விளக்கம். சுகர் நரம்பு பாதிப்பு உள்ளவர்களிடமும் பிறகு செய்து பார்த்தார்கள், அங்கேயும் ஆட்டம் குறைந்தது. நரம்பைத் தூண்டுவது என்றாலே அதிகம்தான் நல்லது என்று அந்த ஹாலில் நினைக்கிறார்கள். இந்த ஆராய்ச்சிக்காரர்கள் போனதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

## பிறகு

டாக்டர் ரத்தத்தில் பி12 வைட்டமின் அளவைப் பார்க்கச் சொன்னார். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு அது குறையும், குறைந்தால் அதுவே கால் மரத்துப்போக வைக்கும், சுகர்மேல் பழிபோட்டு விட்டுவிடுவோம். அப்பாவுக்கு உண்மையாகவே குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு வாங்கினோம், பின்பக்கம் வார் வைத்தது, வீட்டுக்குள் போட ஒன்று, வெளியே போட ஒன்று. ராத்திரி படுக்கும் முன் அம்மா டார்ச் அடித்து விரலிடுக்கைப் பார்க்கிறார். வெந்நீரைக் காலுக்கு ஊற்றும் முன் முழங்கையால் சூடு பார்க்கிறார்கள்.

கரண்டை விடச்சொல்லவில்லை. இதில்தான் எனக்கு அந்த டாக்டர்மேல் பெரிய மரியாதை. பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் ஒரு சின்ன டென்ஸ் மெஷினைக் காட்டி, உணர்வில்லாத பாதத்தில் ஒட்டக்கூடாது, தோல் பொசுங்கினாலும் தெரியாது என்று சொல்லி, உணர்வு நன்றாக இருக்கும் முழங்காலுக்குக் கீழே ஒட்டக் கற்றுக்கொடுத்தார். நன்றாகத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது, அந்த அளவோடு நிறுத்த வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டார். மையத்தில் அந்த எச்சரிக்கை சுவரில் பொடி எழுத்தில் இருக்கிறது, வாய்திறந்து யாரும் கேட்டதில்லை என்று அப்பா சொன்னார்.

எரிச்சல் இப்போதும் சில ராத்திரி வருகிறது, முன்பு மாதிரி இல்லை. பி12 ஊசியா, டென்ஸா, சுகர் கட்டுக்குள் வந்ததா, எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெருவிரலில் உணர்வு திரும்பவில்லை. செத்த நரம்பு திரும்பும் என்று ஆசை காட்ட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலே ஏறாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்றார்.

அப்பா மையத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. மெஷினில் கால் வைப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். நான் ஒருநாள் போய் அந்தப் பெண்ணிடம் நைலான் இழையைக் காட்டினேன். எப்படித் தொடுவது என்று அவள் கையிலேயே செய்து காட்டினேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "இத இங்க எல்லாருக்கும் பாக்கலாமேக்கா" என்றாள். பொறுப்பாளர் அதெல்லாம் மேலே கேட்க வேண்டும் என்றார். எழுபதில் வைக்கும் அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரை அப்பாவே வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு பாதத்திலும் இழை தெரியவில்லை. இடதுகால் பெருவிரல் நகத்துக்குக் கீழே சீழ் வைத்திருந்தது. மெஷினை விலைபேசி முன்பணம் கொடுத்திருந்தவர் அவர். இப்போது கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். விரலை எடுக்க வேண்டியிராது என்று சொல்லியிருக்கிறார்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்க அடுத்த வாரம் அவரோடு போகிறேன். அந்தச் சோதனையைப் பற்றியும் பொறுப்பாளரிடம் இன்னொரு தடவை பேச வேண்டும்.